பஸ்ஸில் பார்த்த பாதிப் படங்கள்

நான் தியேட்டருக்குப் போய் வருடக்கணக்காகிறது. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவேன். நான் படம் பார்ப்பதெல்லாம் பேக்டரி பஸ்ஸில்தான். ஒன்பது வருடமாக இங்கே மலேசியாவில் பகாவ் ஊரில் ஏறி செனாவாங்கில் இறங்குகிறேன். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். டிரைவர் தலைக்கு மேலே ஒரு டிவி தொங்குகிறது. எனக்குத் தெரிந்த சினிமா அதில் ஓடுவது மட்டும்தான். விஷயம் தெரிந்தவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு எழுத வராது. பிடித்தால் பிடித்தது என்பேன், குப்பை என்றால் குப்பை என்பேன்.

செய்கிற வேலையும் அப்படி. பிளாஸ்டிக் மூடி செய்கிற பேக்டரியில் சரிபார்க்கிற பிரிவில் இருக்கிறேன். மூடிகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் பிசிறு, நெளிசல், கறுப்புப் புள்ளி, எது இருந்தாலும் எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவளைப் பஸ்ஸில் ஏற்றிப் படம் காட்டினால் வாய் சும்மா இருக்குமா?

எங்கள் பஸ்ஸில் படம் ஓடுகிற முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஒரு நாளைக்கு ஒரு படம். அது டிரைவர் அண்ணனின் சட்டம். காலையில் பகல் ஷிப்டை ஏற்றிக்கொண்டு பேக்டரிக்குப் போகும்போது முதல் பாதி. பேக்டரி கேட்டில் பகல் ஷிப்ட் இறங்கும், இரவு ஷிப்ட் ஏறும். அவர்களை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது இரண்டாம் பாதி. சாயங்காலம் அதே படம் மறுபடியும். இரவு ஷிப்டை ஏற்றிக்கொண்டு போகும்போது முதல் பாதி, பகல் ஷிப்டைத் திருப்பிக் கொண்டுவரும்போது இரண்டாம் பாதி. மறுநாள் காலை வேறு படம்.

பகல் ஷிப்டுக்கு இதில் ஒரு கோளாறும் இல்லை. காலையில் ஆரம்பம், சாயங்காலம் முடிவு. இரவு ஷிப்டுக்கு எல்லாம் தலைகீழ். காலையில் வீடு திரும்பும்போது முடிவைப் பார்ப்போம். சாயங்காலம் வேலைக்குப் போகும்போது அதன் ஆரம்பத்தைப் பார்ப்போம். எங்களுக்கு இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. ஆகவே நான் பார்த்த படங்களில் சரிபாதியை வாலிலிருந்து தலைக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை டிரைவர் அண்ணனிடம் கேட்டேன்.

“அண்ணே, எங்களுக்கு மட்டும் ஏண்ணே எப்பவும் மொதல்ல கிளைமாக்ஸ்? மாத்திப் போடக்கூடாதா?”

“நான் பஸ் ஓட்டவா, ரிமோட்ட நோண்டவா? மலை ரோட்டுல பள்ளத்துல விட்டா நீ வந்து தூக்குவியா? ஒரு நாளைக்கு ஒரு படம்லா. பிடிக்கலன்னா கண்ண மூடிக்கிட்டுத் தூங்கு.”

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் பழகிப்போனது. பழகியது மட்டுமில்லை, சில படங்கள் அப்படிப் பார்த்தால்தான் நன்றாக இருக்கின்றன. சண்டைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கதாநாயகன் ரத்தக் களரியாகக் கிடக்கிறான், அம்மா செத்துவிட்டாள், தங்கை அழுகிறாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அம்மா எழுந்து தோசை சுடுகிறாள், இவன் இஸ்திரி போட்ட சட்டையில் ஆடுகிறான். மனதுக்கு எவ்வளவு நிம்மதி! காதல் படமும் அப்படித்தான். காலையில் மாலையும் கழுத்துமாக நின்றவர்கள் சாயங்காலம் ஒருவரை ஒருவர் கண்டபடி திட்டிக்கொள்கிறார்கள். கல்யாணமானவர்களுக்கு இந்த வரிசை நன்றாகவே புரியும்.

பேய்ப் படம்தான் தலைகீழாகப் பார்த்தால் கெட்டுவிடுகிறது. காலையிலேயே போமோ என்கிற மந்திரவாதி வந்து மந்திரம் சொல்லிப் பேயை ஒரு போத்தலில் அடைத்துவிட்டார். சாயங்காலம் அதே பேய் கூந்தலை விரித்துக்கொண்டு வந்தால் யார் பயப்படுவது? “உனக்குப் போத்தல் ரெடியா இருக்கு, போடி” என்று நான் சொன்னேன். அந்தப் படத்தில் ஒரு பெண் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் போகிறாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பதினாறு வயதுவரை அம்மாவோடு விடியுமுன்னே பால் வெட்டப் போனவள் நான். காட்டுக்குள் போகிறவள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவாள். மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போனால் பேய் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், கொசுவே தூக்கிக்கொண்டு போய்விடும்.

ரப்பர் தோட்டத்தைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் எடுத்த படம் ஒன்றும் பார்த்தோம். நம் கதை என்று பஸ்ஸே நிமிர்ந்து உட்கார்ந்தது. கதாநாயகி உச்சி வெயிலில் பால் வெட்டுகிறாள். பன்னிரண்டு மணிக்கு எந்த மரம் பால் விடும்? பாலைப் பிடிக்கிற மங்கு பளபளவென்று கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரி இருக்கிறது. நகத்தில் சாயம் வேறு. ஆனால் வேலை வாங்குகிற மண்டோர் திட்டுகிற திட்டு மட்டும் அச்சு அசல். அதை எழுதியவன் நிச்சயமாக அதை வாங்கியவனாகத்தான் இருக்க வேண்டும்.

சீனச் சண்டைப் படங்களில் கிழவர்கள் மூங்கில்மேல் நிற்கிறார்கள். நிற்கட்டும். எனக்குப் பிடித்தது அவர்கள் சாப்பிடுகிற விதம். சண்டைக்கு நடுவிலும் கிண்ணத்தைக் கீழே வைப்பதில்லை. இந்திப் படங்களில் பட்டு கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எங்கள் வீடுகளில் அழுகிறவர்கள் கைலியும் டீசட்டையுமாகத்தான் அழுகிறார்கள். ஆங்கிலப் படம் ஒன்றில் மூன்று பேர் ஆகாயத்தில் ஒரு இரும்புக் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். காற்று கசிகிறது. இரண்டு மணி நேரம் பேசிப் பேசிக் கடைசியில் டேப் ஒட்டி அடைத்தார்கள். எங்கள் மிஷின் ரிப்பேர்க்காரர்கள் செய்வதும் அதேதான். அவர்களுக்கு யாரும் பாட்டுப் போடுவதில்லை.

ஒரே ஒரு படத்துக்கு நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் அதிகம் பேசாத படம் அது. ஒரு அம்மா அரிசியில் கல் பொறுக்குகிறாள், நாலு நிமிடம். பஸ் முழுக்கக் குறட்டை. நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிஜமாகவே பொறுக்கினாள். ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, அது அரிசிதான் என்று தெரிந்ததும் திரும்பப் போட்டாள். எடுத்தவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது.

இப்போது என் பக்கத்து சீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமும் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பகாவ் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் ஏறுவாள். பேக்கிங் பிரிவில் வேலை. அவள் எனக்கு நேர் எதிர். திரையில் எவன் என்ன சொன்னாலும் நம்புவாள், எவள் அழுதாலும் கூட அழுவாள். நான் படத்தைக் கிழிக்கக் கிழிக்க என் தொடையில் அடிப்பாள். “வாய மூடுடி, அவளே புள்ளய காணாம தேடுறா” என்பாள். காணாமல் போனது அந்த நடிகையின் பிள்ளையே இல்லை என்று சொன்னால் இன்னும் ஓங்கி அடிப்பாள். எந்த ஷிப்டானாலும் காலைப் பயணத்தில் அவள் கொண்டுவருகிற சம்பலும் நான் வாங்கி வைத்திருக்கிற ரொட்டியும் சேர்த்துப் பசியாறுவோம். எங்கள் பஸ்ஸில் சீட்டு என்பது எழுதப்படாத பட்டா மாதிரி. யார் எங்கே என்று ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் வேலையை விட்டுப் போகும்வரை அதுதான் இடம்.

அவள் புருஷன் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுபவன். ஒருநாள் ஜொகூர் பக்கம் போனவன் மூன்று வருடம் வரவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று தோட்டமே பேசியது. பஸ்ஸும் பேசியது, நானும் பேசினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் ஒரு பையோடு வந்து நின்றான். இவள் உள்ளே கூட்டிக்கொண்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் முதல்முறையாக வாயை அடக்கிக்கொண்டேன். அவள் வீடு, அவள் புருஷன். நமக்கென்ன?

அடக்கியது எங்கே போகும்? இந்த வருடம் ஒருநாள் காலையில் வெளியே வந்தது.

இரவு ஷிப்டின் கடைசி நாள் அது. அடுத்து இரண்டு நாள் லீவு, பிறகு பகல் ஷிப்ட். வழக்கம்போல முதலில் இரண்டாம் பாதி ஓடியது. ஒரு கிராமத்துக் குடும்பப் படம். ஒருத்தி தனியாகப் பிள்ளையை வளர்க்கிறாள், தையல் மிஷினைப் போட்டு மிதிக்கிறாள். பஸ் கோலாபிலாவைத் தாண்டும்போது கடைசிக் காட்சி வந்தது. கதவு தட்டுகிற சத்தம். திறக்கிறாள். தாடியோடு புருஷன் நிற்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாயைப் போட்டாள், தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள். அவன் சாப்பிடுகிறான். புல்லாங்குழல்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“சோறு போடுறா பாரு, சோறு! எங்கடா போன இத்தன வருசம்னு ஒரு கேள்வி கிடையாது. இவளுக்கெல்லாம் வெட்கமும் இல்ல, சொரணையும் இல்ல. இவள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் எல்லா ஆம்பளையும் ஓடிட்டு ஓடிட்டுத் திரும்பி வரான்!”

பஸ் சிரித்தது. பின்னால் ஒருத்தி கைதட்டினாள். நான் பெருமையாக உட்கார்ந்தேன். அப்போதுதான் தொடையில் அடி விழவில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் அவள் சம்பல் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். அதில் பாதி மிச்சம் இருந்தது.

“மொத பாதி பாத்தியா நீ?” என்று கேட்டாள்.

“இல்ல. எதுக்குப் பாக்கணும்? கடைசி தெரிஞ்சா போதாதா?”

அவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். முச்சந்தி வந்ததும் என் முழங்காலைத் தாண்டி இறங்கிப் போனாள்.

அவளை நினைத்து நான் சொல்லவில்லை என்று இரண்டு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தைத்தானே சொன்னேன்? அது முழு உண்மை இல்லை. எழுந்து நின்று கத்துகிற அளவுக்கு அந்தத் தையல்காரி எனக்கு என்ன செய்தாள்? நான் திட்டியது யாரை என்று எனக்கே தெரியும். அவளுக்கும் தெரிந்துவிட்டது. அன்று நான் சாயங்காலம் அந்த பஸ்ஸில் ஏறப்போவதில்லை என்பதால் அந்தப் படத்தின் முதல் பாதியும் எனக்குக் கிடைக்காமல் போனது.

பகல் ஷிப்டின் முதல் காலை. அவள் முச்சந்தியில் ஏறினாள். என்னைத் தாண்டி நேராகப் பின்னால் போய் மக்சிக் பக்கத்தில் உட்கார்ந்தாள். மக்சிக் என்றால் மலாயில் சித்தி, அத்தை மாதிரி. எங்கள் பஸ்ஸில் ஒரே ஒரு மக்சிக்தான். தமிழ்ப் படங்களைத் திரையின் அடியில் ஓடுகிற மலாய் எழுத்தை வைத்துக்கொண்டு பார்ப்பார், எங்கள் எல்லாரையும்விட அதிகமாக அழுவார். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்கப் படத்தில் படித்தது. “ஐயோ”, “துரோகி”, “என்னை மன்னித்துவிடு” இவ்வளவுதான். பேக்டரி கேட்டில் டிரைவர் அண்ணன் சரியான இடத்தில் படத்தை நிறுத்தும்போதெல்லாம் “துரோகி!” என்று கத்திவிட்டுத்தான் இறங்குவார்.

பட்டா மாறியது பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

“என்னாச்சு, தனி ராஜ்யமா?”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே.”

நான் போய் முதலில் பேசுகிற ஆள் இல்லை. ஒரு வாரம் போனது. படங்கள் ஓடின. நானும் திட்டினேன். ஒரு போலீஸ் படத்தில் ஒருவன் முப்பது பேரைச் சுட்டுவிட்டுச் சீப்பை எடுத்துத் தலை வாருகிறான். “துப்பாக்கியில தோட்டா போடவே மாட்டானா, இல்ல பொறந்ததுலேர்ந்து ரொப்பியே இருக்கா?” என்றேன். பஸ் சிரித்தது. ஆனால் அடிப்பதற்கு ஆளில்லாமல் திட்டுவதில் ருசியே இல்லை. ரொட்டியைத் தனியாகத் தின்றேன். சம்பல் இல்லாத ரொட்டி அட்டை மாதிரி இருந்தது.

இரண்டாவது வாரம் மக்சிக் கேண்டீனில் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மலாயில் சொன்னார். அவள் மற்றொரு குழுவுக்கு ஷிப்ட் மாற்றிக் கேட்கப் போகிறாளாம். மனுவை எழுதிப் பையில் வைத்திருக்கிறாளாம். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் குழு பகல் வந்தால் நாங்கள் இரவு, நாங்கள் பகல் வந்தால் அவர்கள் இரவு. கொடுத்துவிட்டாளானால் கேட்டில் நான் இறங்கும்போது அவள் ஏறுவாள். அவ்வளவுதான் பார்க்க முடியும்.

“என்னை மன்னித்துவிடு” என்றார் மக்சிக், தமிழில். நான் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம்.

அன்று புதன்கிழமை. எதற்காக மன்னிப்புக் கேட்பது என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஓடிப்போனவனுக்குச் சோறு போடுவது தப்பு என்றுதான் அப்போதும் நினைத்தேன். தப்பு என்று நினைக்காததைத் தப்பு என்று சொல்ல எனக்கு வராது. ஆனால் அவள் கேட்ட கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மொத பாதி பாத்தியா? சாயங்காலம் எல்லாரும் இறங்கிய பிறகு டிரைவர் அண்ணனிடம் போனேன்.

“அண்ணே, அந்தத் தையல் மிஷின் படத்த நாளைக்குப் போடுங்க.”

“எந்தப் படம்? நீ எந்திரிச்சு நின்னு கத்துனியே, அதா? ஒருக்கா போட்ட படத்த மூணு மாசத்துக்குப் போட மாட்டேன், தெரியும்ல?”

“தெரியும். போடுங்க.”

“ஒன்பது வருசமா நான் போட்ட ஒரு படத்தையாச்சும் நல்லாருக்குன்னு சொல்லிருக்கியா? இன்னைக்குச் சொல்லு. போடுறேன்.”

“அரிசி பொறுக்குற படம் நல்லாருந்துச்சு.”

“அது நான் தெரியாம போட்டது! மருமவன் பென்டிரைவ மாத்திக் குடுத்துட்டான். அன்னைக்கு எனக்கே தூக்கம் வந்து மலை ரோட்டுல கண்ணு சொருகிடுச்சு.”

“அண்ணே, அவ மனு குடுக்கப் போறா.”

அவர் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். “நாளைக்கே போடுறேன். ஆனா நீ கத்தக்கூடாது” என்றார்.

வியாழக்கிழமை காலை அந்தப் படம் ஆரம்பித்ததும் பஸ் முணுமுணுத்தது. பார்த்த படம் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். “சும்மா பாரு, உனக்கு மொத பாதி தெரியாதுல்ல” என்றார் டிரைவர் அண்ணன். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். படம் மோசம்தான். வயலுக்கு நடுவில் ஒரு பாட்டு, அதில் அவள் ஆறு புடவை மாற்றுகிறாள். அவ்வளவு புடவை வைத்திருப்பவள் எதற்குத் தையல் மிஷின் மிதிக்கிறாள்? ஆனால் செனாவாங் நெருங்கும்போது அந்தக் காட்சி வந்தது. புருஷன் குடித்துவிட்டு வந்து பிள்ளையின் பாடப் புத்தகத்தை அடுப்பில் போடுகிறான். அவள் அழவில்லை. அவன் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டினாள். வாசலில் வைத்தாள். குடியை விட்ட அன்றைக்கு வந்து கதவைத் தட்டு, அதற்கு முன்னால் தட்டினால் திறக்க மாட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அவன் ஓடவில்லை. அவள்தான் அனுப்பினாள். வாசலில் தாடியோடு நின்றவன் அவள் சொன்னதைச் செய்துவிட்டு வந்து நின்றவன். அவனிடம் கேட்பதற்கு அவளுக்கு ஒரு கேள்வியும் மிச்சமில்லை. அதனால்தான் கேட்கவில்லை.

கேட் வந்தது. படம் நின்றது. “துரோகி” என்றார் மக்சிக். எல்லாரும் எழுந்தார்கள். நான் நடைபாதையில் போய்க் குறுக்கே நின்றுகொண்டேன்.

“ஒரு நிமிசம். அன்னைக்கு இந்தப் பொம்பளையப் பத்தி நான் கத்துனது தப்பு. பாதி பாத்துட்டுக் கத்துனேன். அவளுக்குச் சொரணை இருக்கு. எனக்குத்தான் அவசரம்.”

ஒன்பது வருடத்தில் என் வாயிலிருந்து ‘தப்பு’ என்ற சொல் எனக்காக வந்தது அன்றுதான். அவள் பின்னாலிருந்து நடந்து வந்தாள். என் முன்னால் நின்றாள்.

“தள்ளு. பஞ்ச் பண்ண நேரமாச்சு.”

தள்ளினேன். போய்விட்டாள்.

அன்று பெல்ட்டில் எத்தனை மூடியை விட்டேனோ தெரியாது. பத்து மணி ஓய்வுக்குக் கேண்டீனில் அவள் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையில் தே ஓ, அதாவது பால் போடாத டீ.

“அந்தப் பொம்பளைய பத்தி சொன்ன. என்னைய பத்தி?”

“உன்னைய பத்தி நான் ஒண்ணும் சொல்லலயே.”

“சொல்லலன்னா?”

“நெனச்சேன்” என்றேன்.

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு சொன்னாள். “குடிச்சிட்டு மகள மோட்டர் சைக்கிள்ல ஏத்திக்கிட்டு வந்தாரு. ரெண்டு பேரும் கால்வாயில. புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கே துணியெல்லாம் உரச் சாக்குல போட்டு லாரிமேல வீசுனேன். நிப்பாட்டிட்டு வா, இல்லன்னா வராதன்னேன். ஓடிட்டாருன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“இல்லன்னு நீ சொல்லலயேடி!”

“எதுக்குச் சொல்லணும்? நான் வெரட்டுனேன்னு தெரிஞ்சா அவங்கம்மா வந்து லயத்து வீட்டு வாசல்ல உருண்டு பெரளும். ஓடுனதாவே இருக்கட்டும்னு விட்டேன். நீ ஒரு நாளாச்சும் கேட்டியா?”

கேட்கவில்லை. மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சம்பல் தின்றேன். அவனைத் திட்டினேன். அவளுக்காகத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என்ன நடந்தது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

“கேக்கல. தப்புதான்” என்றேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை. “ஆனாலும் சொல்லிடுறேன், அந்தாள எனக்குப் பிடிக்கல.”

“உன்ன யாரு பிடிக்கச் சொன்னா? நீயா குடும்பம் நடத்துற?” என்று எழுந்து போனாள். சிரித்தாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது.

மனுவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காகத்தான் திட்டு வாங்கினேன், ஆனாலும் இதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

அன்று வியாழக்கிழமை சாயங்காலமே பஸ்ஸில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் என் பையை வைத்திருந்தேன். அவள் ஏறினாள். பையை எடுத்து என் மடியில் போட்டாள். உட்கார்ந்தாள். கேட் பக்கத்தில் வாங்கிய அவித்த கச்சான் கடலை ஒரு பொட்டலம் கையில் இருந்தது. தன் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்து மடியில் போட்டுக்கொண்டு, கச்சானை உரித்துத் தோலை அதன்மேல் போட ஆரம்பித்தாள். தாளின் மேல்பக்கம் அவள் கையெழுத்தில் சூப்பர்வைசருக்கு எழுதியிருந்தது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தோல் மூடிவிட்டது.

இரண்டாம் பாதி ஓடியது. அவள் வழக்கம்போலத் தையல் மிஷின் காட்சிக்கே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தத் தையல்காரி ஊசியில் நூலே கோக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகத் தெரிந்தது. சொல்லவில்லை. டிரைவர் அண்ணன் இரண்டு முறை கண்ணாடியில் பார்த்தார்.

கோலாபிலா தாண்டியது. கதவு தட்டுகிற சத்தம். பஸ் முழுக்கத் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. திறந்தாள், பாய் போட்டாள், தட்டு வைத்தாள், சோறு போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. புல்லாங்குழல் வந்தது. மக்சிக் பின்னாலிருந்து மலாயில் கேட்டார், இவளுக்கு உடம்பு சரியில்லையா என்று.

என் தொடையில் ஒரு அடி விழுந்தது.

“சொல்லித் தொலடி. அடக்கி அடக்கி செத்துறப் போற.”

“சோறு போட்டது சரி” என்றேன். “அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்தாளு சாப்டுட்டு அப்படியே எந்திரிச்சுப் போறான் பாரு. தட்ட யாரு கழுவுறது? திருந்திட்டானாம்! திருந்துனவன் தட்ட கழுவ வேண்டாமா?”

பஸ் அதிர்ந்தது. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். எல்லாரையும்விட ஓங்கிச் சிரித்தவள் அவள்தான். சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கச்சான் தோல் எல்லாம் கீழே கொட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

“எங்க வீட்டுல அவர்தான்டி கழுவுறாரு” என்றாள்.